ஏழாவது வரியும் என்னுடைய ஓமும்

மகன், உனக்கு ஸலாம். வியாழக்கிழமை நீ கட்டாருக்குப் பறக்கப் போகிறாய். அதற்கு முன்னால் என்னுடைய பழைய பயிற்சி பைலைத் தரச் சொல்லிக் கேட்டாய். இருபத்திரண்டு வருடமாக நெல் மில்லுக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் நான் வேலை பழக்கியது அந்த பைலை வைத்துத்தான். இப்போது நீயும் அதே வேலைக்குப் போகிறாய், பெரியதொரு களஞ்சியத்தில் புதிதாக வருகிறவர்களைக் கூட்டி வைத்து இது வாசல், இது விதி, இது ஆபத்து என்று சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு. பைல் தருகிறேன். ஆனால் அதோடு இந்தக் கடிதத்தையும் தருகிறேன். கடிதத்தை முதலில் வாசி. வாசித்த பிறகு பைல் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதை உம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ, நான் கோபிக்க மாட்டேன்.

நேரில் கதைத்திருக்கலாமே என்று கேட்பாய். உன் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு அந்தப் பழைய குரல் வந்துவிடும், வகுப்பு எடுக்கும் குரல். அந்தக் குரலில் இதைச் சொல்ல முடியாது. போன வாரம் நீ முகநூலில் போட்ட படத்தை நான் பார்த்தேன். நம்முடைய முன்னறை அலுமாரிக்குள் இருக்கிற கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், "சிறந்த பயிற்றுநர்" என்று பொன் எழுத்தில் இருக்கிற அந்தக் கேடயம். "என் வாப்பா போட்ட வழியில்" என்று மேலே எழுதியிருக்கிறாய். கீழே எத்தனையோ பேர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை "மாஷா அல்லாஹ், சேருக்கும் வாழ்த்துக்கள்" என்று எனக்கும் சேர்த்து எழுதியிருந்தாள். அவள் யாரென்று உனக்குத் தெரியாது. அவளுடைய உம்மாவின் வலது கையில் மூன்று விரல் இல்லை. இல்லாமல் போனது என்னால். அந்தக் கேடயம் எனக்குக் கிடைத்ததும் அதே காரணத்தால்தான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உன் உம்மாவைக் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. நம்முடைய ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், பெண் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை போக வேண்டும். ஒரு சூட்கேஸ், நாலு சாரம், ஒரு சைக்கிள், அவ்வளவோடு கல்முனைக்குடிக்கு வந்தேன். முதல் வருடம் முழுக்க இந்த வீட்டில் என் வாயிலிருந்து வந்த ஒரே சொல் ஓம், எதற்கும் தலையாட்டுகிற ஓம். மாப்பிள்ளைக்குச் சுறாப் புட்டு விருப்பமா என்று உன் மூத்தம்மா, என் மாமியார், கேட்டார். ஓம் என்றேன். எனக்குச் சுறா மீனின் மணமே பிடிக்காது. வாரத்தில் இரண்டு நாள் சுறாப் புட்டு வந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றேன். மின்விசிறி இல்லாத அறையைக் காட்டி இது போதுமா என்று கேட்டார்கள். ஓம். குளிக்கிற கிணறு எங்கே என்று சொன்னதைப் பாதிதான் விளங்கிக்கொண்டேன், அதற்கும் ஓம். பக்கத்து வீட்டுக் கிணற்றில் போய்க் குளித்துவிட்டு வந்து, இரண்டு வீட்டாரும் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. புதிதாக வந்தவன் ஏன் ஓம் என்கிறான் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நானே அதைத் தின்று, அதிலேயே குளித்துத் தெரிந்தவன். அப்படி இருந்தும் மில்லில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து போனது.

உன்னிடமும் அதைத்தான் செய்தேன். உனக்கு ஏழு வயதிருக்கும். கடதாசி மட்டையில் ஒரு மணிக்கூடு வெட்டி உனக்கு மணி பார்க்கப் பழக்கினேன். பெரிய முள், சின்ன முள், கால், அரை, முக்கால். விளங்கினதா என்று கேட்டேன். "ஓம் வாப்பா" என்றாய். திரும்பவும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். இன்னும் வேகமாக ஓம் என்றாய். அடுத்த கிழமை குர்ஆன் ஓதும் பள்ளியில் உன்னை இறக்கிவிட்டு, ஐந்தே காலுக்கு வாசலுக்கு வா, வந்து கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். நான் சரியாக ஐந்தே காலுக்கு வந்தேன். நீ நாலே காலிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறாய், முகமெல்லாம் சிவந்து. உனக்குப் பெரிய முள் மட்டும்தான் விளங்கியிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று ஏசினேன். "வாப்பா ஏசுவீங்க எண்டுதான் சொல்லல்ல" என்றாய். அதற்கும் ஏசினேன். அன்றைக்கு எனக்கு ஒரு பாடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை, நான் என்னை வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மில்லில் என் வேலை என்னவென்று நீ ஊராருக்குப் பெருமையாகச் சொல்வாய். உண்மையில் அது இவ்வளவுதான். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் முதல் நாள் என்னிடம் அனுப்புவார்கள். பதினாறு வரி கொண்ட ஒரு படிவம் இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு விதி. நெல் அவிக்கிற கொதிகலனுக்குப் பக்கத்தில் நடக்கிற விதம், மூட்டை தூக்குகிற விதம், ஓடுகிற பெல்ட்டுக்குக் கிட்டப் போகக் கூடாத தூரம், சிவப்புப் பொத்தான் எங்கே என்பது. ஒவ்வொன்றையும் சொல்லிக் காட்ட வேண்டும். சொன்ன பிறகு பக்கத்தில் சரி போட வேண்டும். கடைசியில் அந்த ஆள் கையெழுத்து வைக்க வேண்டும், அதன் கீழே நான். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். பெரும்போக அறுவடைக் காலத்தில் மில் வாசலில் நெல் லொறிகள் வரிசையாக நிற்கும்போது, எந்த மேனேஜர் இரண்டு மணித்தியாலம் தருவார்? "சேர், இருபது நிமிசத்தில அனுப்புங்க, பேக்கிங்கில ஆள் இல்லை" என்பார். நானும் அனுப்புவேன். பதினாறு வரியையும் வேகமாக வாசித்து, விளங்கினதா என்று கேட்டு, ஓம் என்றதும் சரி போட்டு விடுவேன். கம்பெனி என்னிடம் கேட்டது சரி அடையாளங்களை. ஆட்களைப் பழக்கச் சொல்லி அவர்கள் உண்மையில் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக நான் அப்படிச் செய்திருக்கத் தேவையில்லை, அது வேறு கதை.

அந்தப் படிவத்தில் ஏழாவது வரி இப்படி இருக்கும்: தளர்ந்த உடைகள் இயந்திரத்தில் சிக்கும், கைப்பகுதியை மடித்து ஊக்கு குத்தி இறுக்கவும், முக்காட்டின் தொங்கலை மேலங்கிக்குள் செருகவும், சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகவும். ஆண்களுக்கு இந்த வரியை நான் நன்றாகச் சொல்வேன். சாரத்தை மடித்துக் கட்டு, சட்டைக் கையைச் சுருட்டு என்று செய்தே காட்டுவேன். பெண்கள் வந்தால் எனக்கு வாய் வராது. அந்நியப் பெண்ணொருத்தியின் கைப்பகுதியைப் பற்றி, முக்காட்டைப் பற்றி, நான் என்னவென்று கதைப்பது? ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிற மனிசன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவன். காரைதீவிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் சேலைத் தலைப்பைப் பற்றிச் சொல்லவும் அதே வெட்கம். ஆறாவது வரியை வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு எட்டாவதுக்குப் போய்விடுவேன். ஏழுக்கு நேரே சரி அடையாளம் மட்டும் விழும். பேக்கிங்கில் பௌசியா ராத்தா என்று வயதான ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். புதிதாக வருகிற பெண்களை அவர் தன் பக்கத்தில் இழுத்து, தானே ஊக்கைக் குத்தி விடுவார். அவர் இருக்கிறார்தானே என்ற நம்பிக்கையில் எத்தனையோ வருடம் ஏழாவது வரியை விழுங்கிக்கொண்டே வந்தேன். அவரிடம்கூட நான் ஒருநாளும் கேட்டதில்லை, இதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதைக் கேட்கவும் வெட்கம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் அறுவடைக் காலத்தில் ஜெஸீமா வேலைக்கு வந்தாள். அட்டாளைச்சேனையில் வீடு. முப்பத்திரண்டு வயதிருக்கும், ஒரு மகள். புருசன் கடலுக்குப் போகிறவர். முதல் நாள் என்பதால் நல்ல அபாயா ஒன்று போட்டு வந்திருந்தாள், கை அகலமானது, ஓரத்தில் தையல் வேலைப்பாடு. அந்தக் கையை நான் பார்த்தேன், மகன். இதை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். பார்க்காமல் விட்டதாக நான் எனக்கே பல வருடம் கதை சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். இது பெல்ட்டுக்கு ஆகாது என்று மனதில் ஓடியது. பௌசியா ராத்தா சொல்லுவார் என்று நினைத்தேன். எட்டாவது வரிக்குப் போய், "மெசின்ல ஏதும் பட்டா உடன சிவப்புப் பொத்தான அமத்தோணும், எங்க இரிக்கி எண்டு காட்டுறன் வாங்க" என்று கூட்டிப் போய்க் காட்டினேன். விளங்கினதா என்றேன். தலையைக் குனிந்துகொண்டு "ஓம் சேர்" என்றாள். கையெழுத்து வைத்தாள். அந்தக் கிழமை பௌசியா ராத்தா விடுமுறை. அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்துகொள்ளவில்லை.

மூன்றாவது நாள், மூட்டை தைக்கிற மெசினுக்கு மூட்டைகளைக் கொண்டு போகிற பெல்ட்டின் உருளையில் அவளுடைய வலது கைப்பகுதி சிக்கியது. சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது பெல்ட் நின்றிருந்தது. யார் நிறுத்தியது என்று கேட்டேன். அவளேதான். வலது கை உருளைக்குள் இருக்க, இடது கையை எட்டி நீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். அமுக்கியிருக்காவிட்டால் கை முழுவதும் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். எட்டாவது வரியை நான் அவளுக்குச் சொன்னேன், அதை அவள் செய்தாள். ஏழாவது வரியைச் சொல்லவில்லை. என்னிடம் படித்த அத்தனை பேரிலும் நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தவள் அவள்தான்.

அன்று வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. "வெக்கமா இருந்தா என்னக் கூப்பிட்டிருக்கலாமே. வந்து ஒரு ஊக்கக் குத்திக் காட்டிப்போட்டு வந்திருப்பேனே" என்றாள். ஒரு ஊக்கு. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து விசாரணை வைத்தார்கள். கொழும்பிலிருந்து தலைமையகத்து ஆள் ஒருவர் வந்தார். குளிரூட்டிய அறை, மேசையில் பிஸ்கட் தட்டு. ஒரு பக்கம் நானும் மேனேஜரும். எதிரே ஜெஸீமாவும் அவளுடைய தம்பியும். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து மற்றக் கையால் முக்காட்டின் தொங்கலை இழுத்து மூடியிருந்தாள். வந்தவர் படிவத்தை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஏழில் விரலை வைத்தார். "இத நீங்க சொல்லிக் குடுத்தீங்கதானே சேர்?" மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். நான் ஓம் என்றேன். அவ்வளவுதான். நெஞ்சு அடிக்கவும் இல்லை, நாக்குத் தடுக்கவும் இல்லை. மாமியார் வீட்டில் சுறாப் புட்டுக்குச் சொன்ன அதே ஓம். பிறகு அவர் அவளிடம் திரும்பினார். "தங்கச்சி, சேர் சொன்னாரா?" அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையைத் தாங்காமல் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன். "ஓம்" என்றாள்.

பயிற்சி கொடுத்தும் அறிவுறுத்தலைப் பின்பற்றாமல் விட்டது அவளுடைய கவனயீனம் என்று எழுதி அவளை அனுப்பிவிட்டார்கள். வேலை போனது பெரிய காரியமில்லை என்று உனக்குத் தோன்றலாம். ஊரில் அவளுக்கு ஒரு பெயர் வந்தது, சொன்னதைக் கேளாதவள், கவனமில்லாதவள். தைக்கிற வேலைக்குக் கேட்டுப் போன இடத்தில்கூட அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம். சொன்னதையெல்லாம் செய்தவளுக்கு அந்தப் பெயர். எனக்கு அடுத்த வருடம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கேடயம் கொடுத்தார்கள். ஏன் தெரியுமா? எல்லாக் கிளைகளையும் பரிசோதித்துப் பார்த்ததில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லாத படிவங்கள் என்னுடையவையாம். நீ அந்த விழாவுக்கு வந்திருந்தாய். உயர்தரம் எழுதிவிட்டு இருந்த காலம். எழுந்து நின்று கை தட்டினாய். உன் உம்மா உட்கார்ந்தே இருந்தாள். அதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

நான் ஏன் ஓம் என்றேன்? பல வருடமாக உன் தலையில்தான் அதைக் கட்டி வைத்திருந்தேன். பிள்ளை படிக்கிறான், வேலை போனால் என்ன செய்வது என்று. அது பொய், மகன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும், அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது. பெண்களிடம் கதைக்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று அந்தக் கொழும்பு ஆளுக்கு முன்னால் சொல்ல வெட்கம். முதல் வெட்கத்துக்கு அவளுடைய விரல்கள் போயின, இரண்டாவது வெட்கத்துக்கு அவளுடைய பெயர் போனது. உன்னை நான் இதில் சாட்டாகப் பயன்படுத்தினேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

போன வருடம் உம்ராவுக்குப் போவதற்கு முன்னால் வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்டேன், பிழைகளை மன்னிக்கச் சொல்லி. உனக்கும் நினைவிருக்கும், நீதான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனாய். "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கொள்ளுங்க" என்று எல்லோரிடமும் கேட்கிற அதே வார்த்தை. அட்டாளைச்சேனையில் ஒரு சந்தியில் உன்னை நிறுத்திவிட்டு ஒரு ஒழுங்கைக்குள் தனியாகப் போய் வந்தேனே, அது அவளுடைய வீடு. வாசலில் நின்று அதே வார்த்தையைச் சொன்னேன். எந்தப் பிழை என்று சொல்லவில்லை. "ஓம் சேர், பொருந்திட்டன், எங்களுக்கும் துஆ கேளுங்க" என்றாள். நான் மக்காவுக்குப் போய் அழுதேன். அழும்போதே தெரியும், அந்த ஓம் செல்லாது என்று. இருபத்திரண்டு வருடம் ஓம் சேகரித்தவனுக்கு எந்த ஓம் உள்ளிருந்து வருகிறது, எது மரியாதைக்கு வருகிறது என்று தெரியாதா? அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவன் மன்னிப்பான். அவளுக்குச் செய்ததை அவள்தான் மன்னிக்க வேண்டும், அதுவும் என்னவென்று தெரிந்துதான்.

நீ படம் போட்ட மறுநாள் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிப் போனேன். அவளுடைய தம்பி முன்னறையில் இருந்தான். அவள் குசினி வாசலில் உட்கார்ந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். இப்போது கடைகளுக்கு இடியப்பம் கொடுத்துத்தான் பிழைக்கிறாள், உரலை இடது கையால் அழுத்தி வலது முழங்கையால் ஊன்றிக்கொள்கிறாள். மகள் ஆசிரியர் கலாசாலையில் படிக்கிறாளாம். அந்த மகள்தான் உன் படத்துக்குக் கீழே எனக்கு வாழ்த்துச் சொன்னவள்.

"ஜெஸீமா, நான் அண்டைக்கிப் பொருத்தம் கேட்டது சரியில்லை. என்னத்துக்கு எண்டு சொல்லாமக் கேட்டன்" என்றேன். "ஏழாம் இலக்கத்த நான் உங்களுக்குச் சொல்லல்ல. உங்கட அபாயாக் கைய நான் பார்த்தன். வெக்கத்தில விட்டுட்டன். விசாரணையில ஓம் எண்டது பொய்."

அவள் பிழிகிறதை நிறுத்தவில்லை. "தெரியும் சேர்" என்றாள். "நானும் வெக்கத்திலதான் ஒண்டும் கேக்கல்ல. அதப் பெரிசா நினைக்கல்ல. ஆனா விசாரணையில நான் ஏன் ஓம் எண்டன் எண்டு தெரியுமா? நீங்க பெரிய மனிசன். எல்லாருக்கும் முன்னால ஓம் எண்டுட்டீங்க. நான் இல்லை எண்டா உங்களப் பொய்யன் எண்டு சொன்ன மாதிரியெல்லோ. இப்பச் சொல்ல ஏலாட்டியும் நாளைக்கி நீங்களாப் போய்ச் சொல்லுவீங்க எண்டு நினைச்சன். மூணு மாசம் பார்த்துக்கொண்டு இருந்தன் சேர். அடுத்த வருசம் நீங்க பரிசு வாங்கின படம் பேப்பரில வந்திச்சி."

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். நான் கேட்டேன், "இப்பத் தெரிஞ்சிதானே கேக்கிறன், என்னப் பொருந்திக்கொள்ளுங்க."

அவள் உரலைக் கீழே வைத்தாள். "இல்ல சேர்" என்றாள். "போன தரம் நீங்க கேட்டது ஊர் முழுக்கக் கேக்கிற பொருத்தம், அதுக்கு ஓம் எண்டன். இதுக்கு எனக்கு ஓம் வருகுதில்ல. கம்பெனிக்கு எழுதிக் குடுங்க. என்ட கவனயீனம் இல்லை எண்டு எழுதிக் குடுங்க. என்ட மகள் அத வாசிக்கோணும். பொறகு பாப்பம்."

மகன், அத்தனை வருடத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இல்லை என்னை அடித்தது. ஆனாலும் நான் முழுதாக நம்பிய பதில் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். ஒரு பிரதியை ஜெஸீமாவின் மகளுக்கு அனுப்பினேன். ஏழாவது வரியை ஒரு பெண்ணுக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை என்றும், இருபது நிமிடத்தில் முடிக்கச் சொன்னது யார் என்றும், விசாரணையில் நான் சொன்னது பொய் என்றும் எழுதியிருக்கிறேன். கேடயத்தையும் பொதி செய்து அனுப்பிவிட்டேன், அலுமாரியில் இப்போது உன் உம்மாவின் கோப்பைகள் இருக்கின்றன. இதில் உனக்கும் ஒரு இடி இருக்கிறது. உன்னுடைய கட்டார் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தந்தது அதே மேனேஜர்தான், "எங்கள் சிறந்த பயிற்றுநரின் மகன்" என்று எழுதித் தந்தார். அவர் உன்னைக் கூப்பிட்டுக் கதைப்பார். உன் வாப்பாவுக்கு வயதாகிப் புத்தி பிசகிவிட்டது என்பார். ஓம் என்று சொல்லிவிடாதே. அந்தப் படத்தையும் எடுத்துவிடு. எடுக்க மனமில்லை என்றால் இருக்கட்டும், ஆனால் என் வழியில் என்று எழுதியதை மட்டும் அழித்துவிடு.

அங்கே உன் முன்னால் வந்து உட்காரப் போகிறவர்கள் வீட்டை விட்டு, மொழியை விட்டு வந்தவர்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தவர்கள். நீ என்ன கேட்டாலும் அவர்களுடைய மொழியில் ஒரு ஓம் வரும். அதை வாங்கிக்கொண்டு சரி போடுவது உலகத்திலேயே சுலபமான வேலை, கேடயமும் கிடைக்கும். விளங்கினதா என்று ஒருவரிடமும் கேட்காதே. செய்து காட்டச் சொல். அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல். உன் வாயில் வராத வரி ஒன்று எப்போதும் இருக்கும், எனக்கு இருந்தது போல. அதைச் சொல்லக் கூடிய இன்னொருவரைத் தேடிப் போய்க் கூட்டி வா. இதற்கு நேரம் தரமாட்டார்கள். அந்த நேரத்துக்காகச் சண்டை பிடிப்பதுதான் உன் வேலை. மற்றதெல்லாம் வாசிக்கத் தெரிந்த யாரும் செய்வார்கள்.

பைலின் முதல் பக்கத்தில் ஜெஸீமாவின் படிவத்தின் பிரதியை வைத்திருக்கிறேன். அதன் மேல் உன் உம்மா ஒரு ஊக்கு குத்தி வைத்திருக்கிறாள். நான் வைக்கச் சொல்லவில்லை.

வாசித்து முடித்ததும் "கிடைத்தது" என்று போட வேண்டாம். "ஓம் வாப்பா, விளங்கிட்டு" என்றும் போட வேண்டாம், எனக்கு அது இனித் தொண்டைக்குள் இறங்காது. போனை எடு, ஏழாவது வரியை ஒரு புதுப் பெண்ணுக்கு நீ எப்படிச் சொல்லுவாய் என்று எனக்குச் சொல். நான் இந்தப் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். பிழையாகச் சொன்னாலும் ஏச மாட்டேன்.

வாப்பா